கடலின் சொரசொரப்பு: காற்றும் அலையும் கொள்ளும் பிடியை அளப்பது எப்படி?

பத்து மீட்டர் உயரத்தில் நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் காற்று வீசுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காற்று ஒரு சதுர மீட்டர் கடற்பரப்பை இழுக்கும் விசை ஏறத்தாழ 0.16 நியூட்டன். நான்கு ஒரு ரூபாய் நாணயங்களை உள்ளங்கையில் வைத்தால் எவ்வளவு கனக்குமோ அவ்வளவுதான். ஆனால் அலையை எழுப்புவதும், நீரோட்டத்தை ஓட்டுவதும், புயலின் அடிவாரக் காற்றைத் தடுப்பதும், கரையோரத்தில் கடல்நீரை ஏற்றிவிடுவதும் இந்தச் சின்ன இழுப்புதான்.

இந்த எண்ணுக்கான கணக்கு எளிது. காற்றின் அடர்த்தி 1.2, வேகத்தின் வர்க்கம் 100, இழுவைக் கெழு (கடற்பரப்பு காற்றை எவ்வளவு பிடிக்கிறது என்று சொல்லும் எண்) 0.0013. மூன்றையும் பெருக்கினால் 0.156. அடர்த்தியிலும் வேகத்திலும் பெரிய தகராறு இல்லை. எழுபது வருடமாக ஆராய்ச்சியாளர்கள் மல்லுக்கட்டிக்கொண்டிருப்பது அந்த 0.0013-உடன்தான்.

தார்ச்சாலையின் சொரசொரப்பு காற்று வீசுவதால் மாறாது. கடலின் சொரசொரப்பு மாறும், அதை மாற்றுவதே காற்றுதான். இதை 1955-ல் ஹென்றி சார்னாக் ஒரே வரிச் சூத்திரமாக எழுதினார்: உராய்வுத் திசைவேகத்தின் வர்க்கத்தைப் புவியீர்ப்பு முடுக்கத்தால் வகுத்து, ஒரு கெழுவால் பெருக்கினால் கடலின் சொரசொரப்பு நீளம் கிடைக்கும். உராய்வுத் திசைவேகம் என்பது இழுவிசையை அடர்த்தியால் வகுத்து எடுத்த வர்க்கமூலம். விசையை வேகத்தின் அலகில் சொல்வதற்கான வழி, அவ்வளவே.

சொரசொரப்பு தெரிய விசை தெரிய வேண்டும், விசை தெரியச் சொரசொரப்பு தெரிய வேண்டும். அதனால் சுற்றிச் சுற்றித்தான் கணக்குப் போட முடியும். 10 மீட்டர் வேகத்துக்கு உராய்வுத் திசைவேகம் 0.35 என்று ஊகித்துத் தொடங்குங்கள். சார்னாக் கெழு 0.012. சூத்திரத்தில் போட்டு வரும் நீளத்தோடு, வழுவழுப்பான நீருக்குரிய சிறு பங்கையும் கூட்ட வேண்டும். அது காற்றின் இயக்கப் பாகுநிலையை 0.11-ஆல் பெருக்கி உராய்வுத் திசைவேகத்தால் வகுத்த அளவு. பத்து மீட்டரை இந்த மொத்த நீளத்தால் வகுத்து, இயல் மடக்கை எடுத்து, 0.4 பெருக்கல் 10-ஐ அதனால் வகுத்தால் புது உராய்வுத் திசைவேகம் வரும். முதல் சுற்றில் 0.361, இரண்டாவதில் 0.363. மூன்றாவதில் எண் நின்றுவிடும். சொரசொரப்பு நீளம் 0.17 மில்லிமீட்டர், இழுவைக் கெழு 0.0013.

இரண்டு மீட்டர் அலை ஓடும் கடலில் சொரசொரப்பு வெறும் 0.17 மில்லிமீட்டரா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நீண்ட அலைகள் காற்றோடு சேர்ந்தே வேகமாக ஓடுகின்றன, அவற்றைக் காற்றால் அதிகம் பிடிக்க முடியாது. காற்று பிடிப்பது அவற்றின் முதுகில் மெதுவாக ஊர்கிற, செங்குத்தான சின்ன அலைகளை.

இதே கணக்கைப் பல நிலைமைகளுக்கும் விரித்து எழுதிய கணிப்பு நிரல்தான் கோர். 1992-93-ல் மேற்குப் பசிபிக்கில் நடந்த பெரிய அளவாய்விலிருந்து வந்த பெயர் அது. அதன் 3.5 பதிப்பை ஜேம்ஸ் எட்சனும் உடன் பணியாற்றியவர்களும் 2013-ல் வெளியிட்டார்கள். அதில் சார்னாக் கெழு காற்று வேகத்தோடு நேர்கோட்டில் ஏறும். சரிவு 0.0017, வெட்டு கழித்தல் 0.005; அதாவது வேகத்தை 0.0017-ஆல் பெருக்கி 0.005-ஐக் கழிக்க வேண்டும். முதலில் அச்சான கட்டுரையில் சரிவு 0.017 என்று விழுந்துவிட்டது, பிறகு திருத்தம் வந்தது. கட்டுரையை மட்டும் பார்த்து நிரல் எழுதுபவர்கள் இன்னும் இதில் மாட்டிக்கொள்ளக்கூடும். சரிபார்ப்பது எளிது: 10 மீட்டர் வேகத்துக்கு 0.012 வர வேண்டும். 0.165 வந்தால் ஒரு பூஜ்யம் காணாமல் போயிருக்கிறது.

இவ்வளவும் கடலுக்கு வயது உண்டு என்பதைக் கணக்கில் எடுக்காத கதை.

அலையின் வயது என்றால், அந்தக் கடலில் ஓங்கி நிற்கும் அலையின் ஓட்ட வேகத்தை உராய்வுத் திசைவேகத்தால் வகுத்த எண். காற்று இப்போதுதான் எழும்பியிருந்தாலோ, கரைக்கு அருகிலிருந்து வீசினாலோ அலை இளையது. நெடுந்தூரம் நெடுநேரம் வீசியிருந்தால் முதியது, வயது 30-ஐ ஒட்டி வரும். 1986-ல் நெதர்லாந்தின் நோர்ட்வெய்க் கரையிலிருந்து 9 கிலோமீட்டர் தள்ளி, 18 மீட்டர் ஆழத்தில் நிற்கும் மேடையில் ஹெக்சாஸ் என்ற அளவாய்வு நடந்தது. அதிலிருந்து வந்த சூத்திரப்படி சார்னாக் கெழு 0.48-ஐ வயதால் வகுத்தது. வயது 30 என்றால் 0.016, வயது 10 என்றால் 0.048. இரண்டையும் மேலே சொன்ன சுற்றுக் கணக்கில் போட்டுப் பாருங்கள். காற்று அதே 10 மீட்டர்தான். ஏழு வினாடி அலைகள் ஓடும் முதிர்ந்த கடலில் இழுவைக் கெழு 0.0014, மூன்று வினாடிகூட ஆகாத இளம் அலைகள் மேல் 0.0018. விசையில் 30 சதவீத வித்தியாசம்.

சார்னாக் கெழுவை அலை வயதுக்கு எதிராக வரையும் வரைபடத்தில் ஒரு பொறி இருக்கிறது. உராய்வுத் திசைவேகம் கிடையச்சிலும் இருக்கிறது, நிலையச்சிலும் இருக்கிறது. அதை அளப்பதில் வரும் பிழை இரண்டு அச்சிலும் ஒரே நேரத்தில் புள்ளியை நகர்த்தும். இயற்கையில் எந்தத் தொடர்பும் இல்லாவிட்டாலும் அழகான கோடு விழும். ஒரே இடத்தின் தரவை வைத்து, அலை வயது வரம்பு குறுகலாக இருக்கும்போது, இந்தக் கோட்டை நம்பக் கூடாது. பல இடங்களின் தரவைச் சேர்த்து, அலை வேகம் பல மடங்கு மாறும்படி பார்த்துக்கொண்டால்தான் உண்மைத் தொடர்பு மேலே வரும்.

இளம் அலை ஏன் அதிகம் பிடிக்கிறது என்பதற்கு 1925-லேயே ஹரால்டு ஜெஃப்ரீஸ் ஒரு விளக்கம் சொன்னார்: முகட்டின் மறைவில் காற்றழுத்தம் குறைகிறது, முன்னும் பின்னுமான அழுத்த வித்தியாசம் அலையைத் தள்ளுகிறது. 1957-ல் ஜான் மைல்ஸ் வேறு கோணத்தில் வந்தார். எந்த உயரத்தில் காற்றின் வேகமும் அலையின் வேகமும் சமமாகின்றனவோ, அந்த உயரத்தில் காற்று தன் உந்தத்தை அலைக்குக் கொடுக்கிறது என்று கணிதத்தால் காட்டினார். ஆனால் மைல்ஸின் கணக்கில் காற்று கொடுத்துக்கொண்டே இருக்கும். கொடுத்ததால் காற்றுக்கு என்ன ஆகிறது என்ற கேள்வி அதில் இல்லை.

அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டவர் டச்சுக்காரரான பீட்டர் யான்சன். அலை வளர்ந்தால் அந்த உந்தம் காற்றிலிருந்துதான் போயிருக்க வேண்டும். அப்படியானால் கடலையொட்டிக் காற்றின் வேகம் உயரத்தோடு ஏறும் விதமே மாற வேண்டும். 1991-ல் அவர் இதை முன்கணிப்பு மாடலுக்கு ஏற்ற எளிய வடிவில் எழுதினார். மொத்த விசையில் அலைகள் வாங்கிக்கொள்ளும் பங்கைக் கண்டுபிடியுங்கள், ஒன்றிலிருந்து அதைக் கழியுங்கள், வர்க்கமூலம் எடுங்கள், 0.01-ஐ அதனால் வகுங்கள். வருவதுதான் அந்த நேரத்து சார்னாக் கெழு. அலைகள் முக்கால் பங்கை வாங்கினால் கெழு 0.02, பத்தில் ஒன்பது பங்கை வாங்கினால் 0.032. அளவாய்வுக் கோடு எதுவும் இல்லாமல், அலை நிறமாலையிலிருந்தே, அதாவது எந்த நீள அலையில் எவ்வளவு ஆற்றல் என்ற கணக்கிலிருந்தே, கடலின் சொரசொரப்பு கிடைத்துவிடுகிறது.

1998 ஜூனில் ஐரோப்பிய நடுத்தரக் கால வானிலை முன்கணிப்பு மையம் இதைத் தினசரி முன்கணிப்பில் இணைத்தது. வளிமண்டல மாடல் காற்றை அலை மாடலுக்குக் கொடுக்கும். அலை மாடல் சொரசொரப்பைத் திருப்பிக் கொடுக்கும். அதுவரை அலை மாடல் என்பது காற்றைப் பெற்றுக்கொண்டு அலையைச் சொல்லும் ஒருவழிப் பாதையாகத்தான் இருந்தது. வானிலைக்கு அலை தேவை என்பதை ஒரு செயல்படும் மையம் ஏற்றுக்கொண்ட இந்தத் தருணம், என் கருத்தில், இந்தத் துறையின் மிகப் பெரிய திருப்பம்.

யான்சனின் சூத்திரம் காற்றை விட மெதுவான அலைகளுக்கு நன்றாகப் பொருந்தும். காற்றை முந்தி ஓடும் அலை வந்தால் கதை மாறும்.

ஆழ்கடலில் அலையின் வேகம், அலைக்காலத்தை 1.56-ஆல் பெருக்கினால் வரும். 14 வினாடி அலை நொடிக்கு 22 மீட்டர் ஓடும். அதன் நீளம் 300 மீட்டருக்குச் சற்று மேல். அதன் ஆற்றல் பாதி வேகத்தில், நாளுக்குச் சுமார் 940 கிலோமீட்டர் நகரும். தெற்கே 40 பாகை அட்சத்தில் வீசிய புயலின் அலை, ஐந்தாறு நாளில் கன்னியாகுமரிக்கு வந்து சேரும். கேரளத்திலும் தென் தமிழகத்திலும் கள்ளக்கடல் என்று எச்சரிக்கை வருவது இந்த அலைகளுக்குத்தான். உள்ளூரில் காற்றே இருக்காது, வானம் தெளிவாக இருக்கும், கடல் மட்டும் ஏறும்.

அந்த நேரத்தில் காற்று நொடிக்கு 2 மீட்டர், அலை 22 மீட்டர். இங்கே யார் யாரை இழுக்கிறார்கள்? அலைதான் காற்றை முன்னால் தள்ளுகிறது. 1966-ல் ஹாரிஸ் என்பவர் அலைத் தொட்டியில் இதைக் காட்டினார்: காற்று இல்லாத தொட்டியில் அலையை மட்டும் ஓட்டினால், மேலே இருக்கும் காற்று அலையின் திசையில் நகரத் தொடங்குகிறது. பால்டிக் கடலில் காட்லாந்துக்குக் கிழக்கே இருக்கும் ஓஸ்டெர்கார்ன்ஸ்ஹோம் என்ற தட்டையான சின்னத் தீவில், உப்சாலா பல்கலைக்கழகம் 1995 முதல் 30 மீட்டர் கோபுரம் ஒன்றை நடத்துகிறது. அங்கே திறந்த கடலிலிருந்து நெடிய அலை வரும் நாட்களில், உந்தம் கீழிருந்து மேலே போவதை நேரடியாக அளந்தார்கள். இழுவைக் கெழு அப்போது எதிர்மறை. எதிர்மறை எண்ணுக்கு வர்க்கமூலம் கிடையாது, ஆகவே உராய்வுத் திசைவேகம் என்ற சொல்லுக்கே பொருள் இல்லாமல் போகிறது. நிரல்கள் பலவற்றில் இந்த நிலைக்கு எந்த ஏற்பாடும் இருப்பதில்லை. ஏதோ ஒரு சிறு நேர்மறை எண்ணைப் போட்டு நகர்ந்துவிடுகின்றன.

இன்னொரு சிக்கல் உயரத்தில் இருக்கிறது. அலை காற்றில் உண்டாக்கும் அசைவு, அலை நீளத்தை 6.28-ஆல் வகுத்த உயரத்துக்குள் மூன்றில் ஒரு பங்காகத் தேயும். ஒரு மீட்டர் நீள அலைக்கு அது 16 சென்டிமீட்டர். 300 மீட்டர் அலைக்கு 48 மீட்டர். ஆக, பத்து மீட்டரில் வைத்த கருவி நெடிய அலையின் அசைவுக்குள்ளேயே மூழ்கியிருக்கிறது. விசை உயரத்தோடு மாறாது, வேகம் மடக்கை விதிப்படி ஏறும் என்ற இரண்டு அனுமானமும் அங்கே நிற்காது.

சரி, இதையெல்லாம் கடலில் எப்படி அளக்கிறார்கள்?

நேர்வழி என்பது எடி கோவேரியன்ஸ். கிடைக்காற்றின் ஏற்ற இறக்கத்தையும் செங்குத்துக் காற்றின் ஏற்ற இறக்கத்தையும் ஒரே கணத்தில் அளந்து, பெருக்கி, சராசரி எடுப்பது. இதற்கு சோனிக் அனிமாமீட்டர் வேண்டும். எதிரெதிரே உள்ள மூன்று ஜோடி முனைகளுக்கு நடுவே மீயொலித் துடிப்பு போய் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்பதிலிருந்து மூன்று திசை வேகமும் கிடைக்கும். நொடிக்கு 10 அல்லது 20 முறை பதிய வேண்டும், 20 முதல் 30 நிமிடத்துக்குச் சராசரி எடுக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் பெரிய சுழல்கள் கணக்கில் விழாது. அதற்கு மேல் போனால் காற்றே மாறிவிடும். எல்லாம் சரியாக நடந்தாலும் ஒரு அரைமணித் துண்டின் மதிப்பு 20 சதவீதம் அங்கே இங்கே ஆடுவது இயல்பு. பத்துப் பதினைந்து துண்டுகளை வைத்துக்கொண்டு முடிவு சொல்ல முடியாது, நூற்றுக்கணக்கில் வேண்டும்.

தரையில் இது பழகிய வேலை. கப்பலில்தான் கஷ்டம். நமக்கு வேண்டிய செங்குத்துக் காற்றின் ஆட்டம் 10 மீட்டர் வேகத்தில் நொடிக்குச் சுமார் 0.45 மீட்டர். கப்பலின் மூக்கு அலையில் ஏறி இறங்கும் வேகம் ஒன்றிரண்டு மீட்டர். தேடும் பொருளை விடத் தொந்தரவு பெரியது.

அதனால் அனிமாமீட்டருக்கு அடியிலேயே ஒரு அசைவுமானி பொருத்துகிறார்கள்: மூன்று முடுக்கமானி, மூன்று கோணவேகமானி. 1998-ல் எட்சன் குழு விரிவாக எழுதிய முறைப்படி மூன்று திருத்தங்கள் செய்யப்படுகின்றன. கருவி அந்தக் கணத்தில் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று கண்டு, அளந்த வேகத்தை நேர் அச்சுக்குத் திருப்ப வேண்டும். பிறகு சுழற்சியால் வரும் வேகத்தைச் சேர்க்க வேண்டும். கோணவேகத்தை, அசைவுமானிக்கும் அனிமாமீட்டருக்கும் உள்ள தூரத்தால் பெருக்கினால் அது கிடைக்கும். இந்தத் தூரம் அரை மீட்டர் இருக்கும்போது பிழை சிறிது. அசைவுமானியைக் கப்பலின் அறைக்குள் வைத்துவிட்டு 15 மீட்டர் தள்ளிக் கம்பத்தில் அனிமாமீட்டரை வைத்தால், கோணத்தில் வரும் சிறு பிழைகூடப் பெருகும், கம்பத்தின் அதிர்வோ பதிவாகவே ஆகாது. கடைசியாக மேடையின் நேர்கோட்டு வேகம். முடுக்கத்தை நேரத்தோடு கூட்டி எடுக்கும் இந்த வேகம் மெதுவாக வழுக்கிக்கொண்டே போகும். அதனால் வேகமான அசைவுக்கு முடுக்கமானியையும், மெதுவான அசைவுக்கு ஜிபிஎஸ்-ஐயும் வடிகட்டி ஒட்டுகிறார்கள்.

தவறுவது எங்கே? முதலில் கடிகாரத்தில். அனிமாமீட்டரும் அசைவுமானியும் பத்தில் ஒரு வினாடி விலகிப் பதிந்தாலும் திருத்தம் முழுமையாகாது, அசைவின் மிச்சம் உள்ளே நிற்கும். இரண்டையும் ஒரே பதிவுக் கருவியில், ஒரே கடிகாரத்தில் ஓட்டுங்கள். அடுத்தது சாய்வு. ஒரு பாகை தவறாகத் திருப்பினால் விசையில் ஏறத்தாழ 7 சதவீதம் பிசகும். இரும்புக் கப்பலில் காந்தத் திசைகாட்டியை நம்ப முடியாது, இரண்டு ஏரியல் வைத்த ஜிபிஎஸ் நல்லது. பிறகு கப்பலின் உடலே காற்றை மேலே தூக்கிவிடும். மூக்குக் கம்பத்தில் வைத்து, காற்று முன்பக்கத்திலிருந்து இரு பக்கமும் 60 பாகைக்குள் வரும் நேரத்தை மட்டும் எடுப்பது பாதுகாப்பு. மழைத்துளியும் உப்புநீரும் சோனிக் முனைகளை அடைக்கும்போது தரவில் ஊசிமுனைபோலக் குத்துகள் வரும், அந்தத் துண்டுகளைத் தூக்கிப்போட வேண்டியதுதான். ஈரப்பதத்துக்கும் கரியமில வாயுவுக்கும் வைக்கும் திறந்தவகை அகச்சிவப்புக் கருவியின் கண்ணாடியில் உப்பு படிந்தால் நிலைமை இன்னும் மோசம். கரியமில வாயுவின் கணக்கு பத்து மடங்கு வரை தவறலாம்.

ஆனால் எல்லாவற்றையும் விடக் கடினமான இடம் இது. திருத்தம் சரியாக இல்லாவிட்டால், விசையின் அதிர்வெண் வரைபடத்தில் 5 முதல் 10 வினாடிக்கு உரிய இடத்தில் ஒரு மேடு நிற்கும். அதைக் கப்பலசைவின் மிச்சம் என்று வடிகட்டி எறியத் தோன்றும். எறியக் கூடாது. அலை காற்றோடு கொள்ளும் பிடி பதிவாவதும் சரியாக அதே அதிர்வெண்ணில்தான். பிழையும் உண்மையும் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கின்றன. பிரித்தறிய ஒரே வழி, அருகிலேயே அசையாத மேடையில் அளந்து ஒப்பிடுவது. அமெரிக்காவில் மார்த்தாஸ் வினியார்ட் தீவுக்குத் தெற்கே 15 மீட்டர் ஆழத்தில் நிற்கும் கோபுரம் அப்படிப்பட்டது. ஆழம் குறைவு என்பதால் நெடிய அலை அங்கே தரையைத் தொட்டு மாறிவிடும், அது அதன் குறை.

அந்தக் குறை இல்லாத மேடை ஒன்று இருந்தது. ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனம் 1962 முதல் நடத்திய ஃபிளிப். 108 மீட்டர் நீளமுள்ள அந்தக் கலத்தைக் கடலுக்கு இழுத்துப் போய், பின்பகுதியில் நீர் நிரப்பினால் செங்குத்தாக நிமிர்ந்து நிற்கும். சுமார் 90 மீட்டர் நீருக்கடியில், 17 மீட்டர் மேலே. அலையின் அசைவு அத்தனை ஆழத்துக்கு எட்டாது என்பதால் கலம் அநேகமாக ஆடாது. 2023-ல் அதை ஓய்வுக்கு அனுப்பினார்கள். ஆழ்கடலில் நெடிய அலைமேல் அளக்க அதற்கு ஈடானது இல்லை, அந்த இழப்பு பெரியது.

வங்காள விரிகுடாவில் தினசரித் தரவு வருவது சென்னை பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் நங்கூரமிட்ட மிதவைகளிலிருந்து. அவற்றில் காற்றுமானி 3 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேலே போட்ட கணக்கின்படி பத்து மீட்டரில் 10 வீசும்போது மூன்று மீட்டரில் 8.9 காட்டும். திருத்தாமல் எடுத்தால் விசையில் 20 சதவீதம் குறையும். புயல் நேரத்தில் இதையும் தாண்டிய தொல்லை உண்டு. அலை ஐந்தாறு மீட்டர் உயரும்போது மிதவை பள்ளத்தில் இறங்கும், முகடு காற்றை மறைக்கும், கருவி குறைத்துக் காட்டும்.

புயல் என்றதும் இழுவைக் கெழு பற்றிய இன்னொரு செய்தியைச் சொல்ல வேண்டும். நீண்ட காலமாக, காற்று ஏற ஏறக் கெழுவும் ஏறும் என்றே எடுத்துக்கொண்டார்கள். காரட் என்ற ஆய்வாளர் 1977-ல் தந்த நேர்கோட்டை 50 மீட்டர் வேகத்துக்கு நீட்டினால் 0.0041 வரும். 2003-ல் பவலும் சக ஆய்வாளர்களும், சூறாவளியின் கண்ணைச் சுற்றிய கண்சுவரில் விமானத்திலிருந்து போட்ட, விழுந்துகொண்டே காற்றை அளக்கும் ஜிபிஎஸ் சோண்டே கருவிகளின் 300-க்கும் மேற்பட்ட பதிவுகளைத் தொகுத்து, சுமார் 33 மீட்டர் வேகத்துக்கு மேல் கெழு ஏறவில்லை என்று காட்டினார்கள். அடுத்த ஆண்டே டோனலனின் மயாமி தொட்டிச் சோதனையும் அதே வேகத்தில் கெழு நின்றுவிடுவதைக் கண்டது. காற்று முகட்டுக்கு முகடு தாவிப் போவதும், நுரையும் தெறிநீரும் பரப்பை மூடுவதும் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. எந்தக் காரணத்துக்கு எவ்வளவு பங்கு என்பதில் இன்னும் விவாதம் இருக்கிறது. கணக்கில் இதன் விளைவு பெரிது. 50 மீட்டர் வேகத்தில் 0.0041 என்றால் விசை கிட்டத்தட்ட 12 நியூட்டன். 0.0023-ல் நிறுத்தினால் 7-க்கும் கீழே. புயல் எழுச்சி மாடல் ஓட்டுபவர்கள் தங்கள் நிரலில் உச்சவரம்பு எவ்வளவு என்று முதலில் பார்க்க வேண்டும். அட்சிர்க் போன்ற பரவலான மாடலில் அது 0.0035 என்று இருக்கும்.

அலைத் தரவு கையில் இல்லை, செயற்கைக்கோள் காற்றை வைத்துக் கணக்குப் போடுகிறேன் என்பவர்களுக்கு ஒன்று. இந்தியாவின் ஓஷன்சாட் செயற்கைக்கோள் வரிசையில் வரும் ஸ்கேட்டரோமீட்டர் காற்றை அளப்பதில்லை. சென்டிமீட்டர் அளவுள்ள சிற்றலைகளிலிருந்து திரும்பும் ரேடார் அலையைத்தான் அளக்கிறது, அதாவது கடலின் சொரசொரப்பை. அதைக் காற்றாக மாற்றும்போது, காற்றும் நீரும் ஒரே வெப்பத்தில் இருப்பதாக வைத்து, பத்து மீட்டரில் என்ன வேகம் இருந்தால் இந்த விசை வரும் என்று எழுதித் தருகிறார்கள். எனவே அந்த வேகத்தை கோர் நிரலில் போடும்போது வெப்பநிலைத் திருத்தத்தை மறுபடி செய்யக் கூடாது. உலகச் சராசரியில் இந்த வித்தியாசம் நொடிக்கு 0.2 மீட்டர் அளவுதான், ஆனால் எப்போதும் ஒரே பக்கமாக விழும். மீனவர்கள் நீவாடு என்று சொல்லும் நீரோட்டத்தையும் அதிலிருந்து கழிக்கக் கூடாது. ஓடும் நீரின்மேல் எழும் சிற்றலை, நீரைப் பொறுத்த காற்றுக்கே எழுகிறது. அந்தக் கழித்தல் கடலிலேயே நடந்து முடிந்துவிட்டது. மிதவைக் காற்றுக்கு மட்டும் நீரோட்டத்தைக் கழியுங்கள்.